பார்சல் வாங்கிய டோஸ்ட் சாண்ட்விச்: 357 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்த ஈர ரொட்டி

டோஸ்ட் சாண்ட்விச்சைப் பார்சல் வாங்குவதாக இருந்தால் போனில் ஆர்டர் சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். கடைக்குப் போய், கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தராததால் போன வெள்ளிக்கிழமை இரவு எனக்கு 357 ரூபாயும் இரண்டு மணி நேரமும் வீணாகப் போயின. பணத்தை விட, ஆசையாகக் கேட்ட அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "போதும்ப்பா" என்று தட்டை நகர்த்தி வைத்ததுதான் அதிகமாக வலித்தது.

சென்னையில் எங்கள் பக்கத்தில் இருக்கும் சின்னக் கடை அது. கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள், உதவிக்கு ஒரு தம்பி. பாம்பே மசாலா சீஸ் டோஸ்ட் ஒன்று 160 ரூபாய். இரண்டுக்கு 320, பார்சல் சார்ஜ் 20, அதன் மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி 17, மொத்தம் 357. ஏழரைக்குப் போன் செய்தேன், "இருபது நிமிஷத்துல ரெடியாயிடும்" என்றார்கள். வண்டியை எடுத்துப் போய்ச் சேர எட்டேகால் ஆனது. பார்சல் கல்லா மேல் தயாராக இருந்தது. தொட்டால் சூடாகவும் இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது மணி எட்டே முக்கால். அலுமினிய ஃபாயிலின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. மேல் ரொட்டி ஃபாயிலோடு ஒட்டிக்கொண்டு தோல் உரிந்து வந்தது. கீழ் ரொட்டியைத் தூக்கவே முடியவில்லை, விரல் உள்ளே போனது. பச்சைச் சட்னி மூலையில் குட்டையாகத் தேங்கியிருந்தது.

கணக்குப் பார்த்தால் அந்தச் சாண்ட்விச் ஏறக்குறைய 55 நிமிடம் ஃபாயிலுக்குள் அடைந்து கிடந்திருக்கிறது. சூட்டோடு மூடியதால் ரொட்டிக்குள்ளும் காய்கறிக்குள்ளும் இருந்த ஈரம் ஆவியாகக் கிளம்பும், ஃபாயிலைத் தாண்டி வெளியே போக வழியில்லை, குளிர்ந்த இடத்தில் பட்டுத் தண்ணீராகி அதே ரொட்டியின் மேல் சொட்டும். கடைக்காரர் எவ்வளவு மொறுமொறுப்பாகச் சுட்டிருந்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. "சூடாக இருக்கிறது" என்பது இங்கே நல்ல அறிகுறியே இல்லை. மும்பையில் இந்த டோஸ்ட் சாண்ட்விச்சைத் தெருவோர வண்டியில் கரியடுப்பின் மேல், கைப்பிடி வைத்த டோஸ்டரில் வாட்டித் தருகிறார்கள். ஆறு துண்டாக வெட்டி, சட்னியைப் பக்கத்தில் ஊற்றி, வண்டி ஓரத்திலேயே நின்று சாப்பிட வைக்கிறார்கள். இந்தப் பண்டம் அப்படிச் சாப்பிடுவதற்காகவே உருவானது. நம்ம சௌகார்பேட்டை முறுக்கு சாண்ட்விச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறுக்குக்கு நடுவில் தக்காளி, வெள்ளரி, புதினாச் சட்னி வைத்துக் கையில் கொடுத்ததும் வாயில் போட வேண்டும், வைத்திருந்தால் முறுக்கு நமத்துவிடும். அதை யாரும் அடுக்கி, பார்சல் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட நினைப்பதில்லை. ரொட்டிக்கும் அதே நியாயம்தான் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

ஆனால் பழி முழுவதையும் ஃபாயில் மேல் போட முடியாது. அம்மாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தொடாமல் இருந்த இன்னொரு சாண்ட்விச்சை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தவறு இருந்தது.

முதலில் வெண்ணெய். ரொட்டியின் நடுவில் ஒரு கோடு மாதிரி இழுத்திருந்தார்கள், ஓரங்களில் வெண்ணெயே படவில்லை. சாண்ட்விச்சில் வெண்ணெய் ருசிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. அது சட்னியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சு. ஒரு ஸ்லைஸுக்கு ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம், உட்பக்கத்தில் நான்கு மூலை வரைக்கும் போக வேண்டும். வெண்ணெய் அறைச் சூட்டில் இளகி இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தடவினால் ரொட்டி கிழியும், அதற்குப் பயந்துதான் நடுவில் மட்டும் இழுக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. விலை குறைவு என்று பல கடைகள் வாங்கும் ஃபேட் ஸ்ப்ரெட்டில் கொழுப்பு அதற்கும் கீழே, சிலவற்றில் 40 சதவீதம் வரைக்கும் இறங்கும். மீதியில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரைத் தடுக்கத் தண்ணீரையே பூசுவது போலத்தான் அது.

அடுத்து சட்னி. இதில்தான் நம் ஊர்க் கடைகள் அதிகமாகக் கோட்டை விடுகின்றன. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பதத்தில் அரைத்த சட்னியையே சாண்ட்விச்சுக்கும் தடவுகிறார்கள். சாண்ட்விச் சட்னி கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் சட்டென்று விழக்கூடாது. 100 கிராம் கொத்தமல்லி, ஒரு கைப்பிடி புதினா, மூன்று பச்சை மிளகாய், ஒரு அங்குல இஞ்சி, முக்கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு, கெட்டிப்படுத்த இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. தண்ணீருக்குப் பதில் இரண்டு ஐஸ் கட்டி. ஐஸ் போட்டால் மிக்ஸி சூட்டில் புதினா கறுக்காது, கசக்காது. பொட்டுக்கடலையை முதலில் தனியாகப் பொடித்துவிட்டுக் கீரையைச் சேர்த்தால்தான் திப்பி இல்லாமல் வரும். கொத்தமல்லியைக் கழுவியதும் துணியில் விரித்து ஈரம் போன பிறகே அரைக்க வேண்டும், அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது. பதம் சரியா என்று பார்க்க, ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். சுற்றி நீர் வளையம் கட்டினால் அது சாண்ட்விச்சுக்கு ஆகாது. எனக்கு வந்த சாண்ட்விச்சில் சட்னி நேராக ரொட்டி மேல் தடவப்பட்டு, வெண்ணெய் அதற்கு மேல் இருந்தது. வரிசையே தலைகீழ்.

காய்கறிக்கு வருவோம். தக்காளியும் வெள்ளரியும் கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர். அதன் மேல் உப்பும் சாட் மசாலாவும் தூவினால், உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுக்கும். நின்று சாப்பிடுகிறவருக்கு அதற்குள் சாண்ட்விச் தீர்ந்துவிடும். பார்சலுக்கோ அரை மணி நேரத்தில் ஒரு தக்காளி வட்டமே ரொட்டியைக் குழைத்துவிடும். பார்சலுக்குச் சாட் மசாலாவை உருளைக்கிழங்கின் மேல் தூவ வேண்டும், காயின் மேல் கூடாது. நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் அதிகம், ரசத்துக்கு அருமை, சாண்ட்விச்சுக்கு வேண்டாம். சதை கெட்டியாக இருக்கும் பெங்களூர் தக்காளியை 3 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, நடுவில் இருக்கும் விதைக் கூழை விரலால் தள்ளிவிட்டால் பாதி ஈரம் அங்கேயே குறைந்துவிடும். வெள்ளரியை அதே கனத்தில் நறுக்கித் துணியில் ஒற்ற வேண்டும். வேகவைத்த பீட்ரூட் வட்டங்களையும் ஒற்றாவிட்டால் சாயம் இறங்கி ரொட்டி முழுக்கச் சிவக்கும். எனக்கு வந்ததில் தக்காளி விரல் கனத்தில் இருந்தது, விதையோடு.

உருளைக்கிழங்கு மசாலாதான் எனக்கு உண்மையில் கோபம் வரவைத்தது. சமையலறைத் தராசில் வைத்தேன், மசாலா மட்டும் 130 கிராம். சாண்ட்விச் கனமாகத் தெரிய வேண்டும் என்று அள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஸ்லைஸ் ரொட்டிக்கு 60, 70 கிராம் போதும். அதற்கு மேல் போனால் கிரில்லரை மூடி அழுத்தும்போது பிதுங்கும், பிதுங்கக்கூடாதே என்று மூடியை லேசாக வைப்பார்கள், அதனால் ரொட்டியின் மேல் சூடு சீராகப் படாது. மேலே கோடு மட்டும் விழும், உள்ளே வாட்டல் ஏறாது. மசாலா சூடாக இருக்கும்போதே ரொட்டியில் வைப்பது இன்னொரு தவறு, அதன் ஆவி உள்ளிருந்தே ரொட்டியை நனைக்கும். ஆறிய மசாலா, கையில் உருட்டினால் உருண்டை நிற்கும் அளவுக்கு உலர்ந்த மசாலா, அதுதான் கணக்கு. அதே சமயம் ஆற வைக்கிறேன் என்று சாயங்காலம் முழுக்க அடுப்பு மேடையில் திறந்து வைப்பதும் ஆபத்து. வெந்த உருளைக்கிழங்கு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும், சென்னை வெக்கையில் சொல்லவே வேண்டாம். அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். உங்களுக்கு வந்த சாண்ட்விச்சில் மசாலா லேசாகப் புளித்த வாடை அடித்தாலோ, பிரிக்கும்போது நூல் மாதிரி இழுத்தாலோ, ருசி பார்க்காமல் குப்பையில் போடுங்கள். வாடை இல்லாவிட்டாலும் கெட்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். என்னுடையதில் அந்தப் பிரச்சினை இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

சீஸ் என்று 160 ரூபாய் வாங்கிவிட்டு உள்ளே இருந்தது ஒரே ஒரு ஸ்லைஸ். அதாவது 20 கிராம். அதையும் மசாலாவுக்கு நடுவில் புதைத்திருந்தார்கள். சீஸை ரொட்டிக்கும் காய்க்கும் நடுவில் வைத்தால் உருகி இரண்டாவது தடுப்பாக வேலை செய்யும். பார்சலுக்குத் துருவிய சீஸை விட ஸ்லைஸ் நல்லது, ரொட்டியை முழுசாக மூடும். ஆறியதும் எந்தச் சீஸும் ரப்பர் மாதிரி இறுகத்தான் செய்யும், அதை வைத்து மட்டும் போலி என்று சொல்லிவிட முடியாது. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த அனலாக் என்றால் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிற கடை காட்டும்.

பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் நானும் ஒரு தவறு செய்தேன். முதல் சாண்ட்விச்சை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தேன். அதைச் செய்யவே செய்யாதீர்கள். ரொட்டி முதலில் இன்னும் குழையும், ஆறத் தொடங்கியதும் தோல் மாதிரி இழுக்கும், மெல்ல முடியாது. அம்மாவின் தட்டில் இருந்தது அதுதான். நமத்த டோஸ்ட் சாண்ட்விச்சைக் காப்பாற்ற ஒரே வழி அதைப் பிரிப்பது. தக்காளி, வெள்ளரி, வெங்காயத்தை எடுத்துத் தனியாக வையுங்கள். தோசைக் கல்லை மிதமான தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல், ரொட்டியின் ஈரமான உட்பக்கத்தைக் கீழே வைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். சட்னி கொஞ்சம் கல்லில் ஒட்டும், பரவாயில்லை, தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொள்ளலாம். மசாலாவைத் தனியே அதே கல்லின் ஓரத்தில் ஆவி பறக்கச் சூடு செய்யுங்கள். பிறகு அடுக்கி, வெளிப்பக்கத்தில் அரைத் தேக்கரண்டி வெண்ணெய் தடவி, மேலே ஒரு கனமான கிண்ணத்தை வைத்து, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். எடுத்து வைத்த காயைக் கடைசியில் பச்சையாகவே உள்ளே செருகுங்கள். ஏர் ஃபிரையர் இருந்தால் பிரித்த ரொட்டியை மட்டும் 170 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம். புதிது மாதிரி ஆகாது, ஆனால் சாப்பிட முடியும். கல்லில் வாட்டும் இந்த முறையை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கு ஆசைப்பட்டதைச் சாப்பிட்டிருப்பார்.

அப்புறம் கடைக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி, "அண்ணே, பார்சல்னா அப்படித்தாண்ணே இருக்கும்" என்றான். கோபமாகப் பேசியிருப்பேன், ஆனால் யோசித்தால் அவன் சொன்னதில் பாதி உண்மை. முதலாளி அக்காவிடம் கொடுக்கச் சொல்லி, இரண்டே விஷயம் சொன்னேன்: சூட்டோடு ஃபாயிலில் மூடியதால் ரொட்டி குழைந்துவிட்டது, தக்காளியை விதையோடு வைத்திருக்கிறீர்கள். படம் அனுப்பினேன். சாப்பிடும் முன்பே பில்லையும் பிரித்த சாண்ட்விச்சையும் ஒரே படத்தில் எடுத்து வைத்திருந்தது அப்போது உதவியது. பாதி சாப்பிட்ட தட்டைப் படமெடுத்து அனுப்பினால் யாருக்குமே நம்பிக்கை வராது. என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். "ஒரு சாண்ட்விச் காசு மட்டும் திருப்பித் தாங்க" என்றேன். அரை மணி நேரத்தில் 160 ரூபாய் யுபிஐயில் வந்தது. "நல்லா இல்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் "அடுத்த தடவை பாத்துக்கறோம்" என்பதோடு முடிந்திருக்கும். டெலிவரி செயலியில் வாங்கியிருந்தால் கடைக்குப் போன் செய்வதோடு நிற்காமல், அந்த ஆர்டரின் கீழேயே அன்றைக்கே படத்தோடு புகார் போட்டுவிடுங்கள். நாள் தள்ளினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

ருசி சரியில்லை என்பதற்கும் உணவு கெட்டிருந்தது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது கடையோடு பேசித் தீர்க்க வேண்டியது. சின்னக் கடையைக் கூப்பிட்டுச் சொல்லாமல் நேராகப் பொதுவெளியில் திட்டி எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது அவர்கள் பிழைப்பு. இரண்டாவது அப்படியல்ல. புழு, பூச்சி, புளித்த மசாலா, சாப்பிட்டதும் வாந்தி என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் பில்லில், உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைக்குத் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் அச்சிட வேண்டும் என்பது கட்டாயம். அந்த எண்ணை வைத்து ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் செய்யலாம். பில்லே தராமல் பணம் வாங்கினாலோ, பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலோ நுகர்வோர் உதவி எண் 1915. உணவை நேராகச் செய்தித்தாளில் சுற்றித் தருவதும் விதிப்படி தவறு, அச்சு மை உணவில் ஒட்டும். மயோனைஸ் சாண்ட்விச் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, கிருமித் தொற்று பயத்தால்தான். எந்த ஆண்டாக இருந்தாலும், பார்சலாக அரை மணி நேரம் பயணப்படப் போகும் சாண்ட்விச்சில் முட்டை மயோனைஸைத் தவிர்த்துவிடுங்கள். சூட்டில் இரண்டு மணி நேரம் கிடந்த எந்த மயோனைஸ் சாண்ட்விச்சையும், முட்டை இல்லாததாக இருந்தாலும், சாப்பிடாதீர்கள்.

நாலு நாள் கழித்து அதே கடைக்குப் போனேன். இந்தத் தடவை போன் செய்யவில்லை. கூட்டம் குறைவாக இருக்கும் ஆறரை மணிக்குப் போய் நின்றேன். கூட்ட நேரத்தில் கிரில்லரில் ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ந்த ரொட்டியை வைத்து எடுப்பதால் தகட்டின் சூடு இறங்கிவிடும், நேரத்தை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அக்காவிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன், உங்களுக்கும் உதவும்: "அக்கா, வெண்ணெய் ஓரம் வரைக்கும் தடவுங்க. சட்னி உள்ள வேண்டாம், தனியா குடுங்க. தக்காளி, வெள்ளரி சுடாம தனி டப்பால போடுங்க. நல்லா வாட்டுங்க, இன்னும் ஒரு நிமிஷம் கூட விடுங்க. சுட்டதும் கம்பித் தட்டுல ரெண்டு நிமிஷம் ஆற விட்டு அப்புறம் கட்டுங்க. ஃபாயில் வேண்டாம், பட்டர் பேப்பர் போதும்." முக்கோணமாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி அட்டைப் பெட்டியில் நிறுத்தி வைக்கச் சொன்னேன், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் கீழே இருப்பது ஆவியில் வேகும். பெட்டி மூடியின் ஓரத்தில் பேனாவால் நாலு ஓட்டை நானே போட்டேன். முந்தைய நாள் ரொட்டி இருக்கிறதா என்றும் கேட்டேன். அன்றைக்கு வந்த ரொட்டியை விட அது கெட்டியாக இருக்கும், வாட்டினால் மொறுமொறுப்பு நிற்கும். தனி டப்பாவுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டார்கள், கொடுத்தேன்.

வீட்டுக்கு வர 28 நிமிடம். ஓரம் லேசாக இளகியிருந்தது, நடு ரொட்டி இன்னும் நொறுங்கியது. பிரித்ததும் காயை உள்ளே வைத்து, சட்னியைத் தொட்டு அம்மா ஒரு முழு சாண்ட்விச்சைச் சாப்பிட்டார். தக்காளிக்கு உப்பு போதவில்லை என்றார், மேசையில் இருந்த உப்பைத் தூவிக் கொடுத்தேன்.